தக்கைத் தூண்டிலும் பிரெட்டும்: கரையிலிருந்து மடவை பிடிப்பது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கரையில் தூண்டிலோடு நிற்பவரிடம் வழிப்போக்கர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. மடவைக்காகப் பிரெட் துண்டைக் கோத்துக்கொண்டு நிற்பவரிடமோ இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே கேட்கிறார்கள்; பிரெட்டைக் கண்டதும் பலருக்குச் சிரிப்பும் வந்துவிடுகிறது. திரும்பத் திரும்ப என் காதில் விழுந்த ஐயங்களைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே வைத்து, எளியவற்றிலிருந்து சிக்கலானவை வரை வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

மடவை என்பது எந்த மீன்? தண்ணீரில் பார்த்தால் எப்படி அடையாளம் கண்டுகொள்வது?

மடவை என்றும், சில ஊர்களில் மணலை என்றும் அழைக்கப்படும் இம்மீன், உருண்டு நீண்ட உடலும், அகன்று தட்டையான தலையும், சிறிய வாயும் கொண்டது. முதுகில் இரண்டு தனித்தனித் துடுப்புகள் உண்டு. முன்னதில் நான்கு முட்கள் இருக்கும். உலகின் வெப்ப, மிதவெப்பக் கடற்கரைகள் எல்லாவற்றிலும் இந்தக் குடும்பத்து மீன்கள் ஏதோ ஒரு வகையில் வாழ்கின்றன. அவை உப்புநீரிலும், கழிமுகத்தின் கலங்கல் நீரிலும், ஆற்றின் நன்னீரிலும்கூட உலவக் கூடியவை.

மேலிருந்து பார்க்கும்போது, சாம்பல் நிற முதுகுகள் ஒரே திசையில் கூட்டமாக நகர்வதும், நீர்ப்பரப்பில் மெல்லிய மூக்குத் தடங்கள் தோன்றுவதும் நல்ல அடையாளங்கள். அடிக்கடி நீருக்கு மேலே துள்ளுவதும் மடவைதான். ஆனால் துள்ளுகிற மீன் இரை தேடுகிற மீன் என்று எண்ணிவிட வேண்டாம். பகைக்கு அஞ்சியும் துள்ளும். உயிர்வளி குறைந்த நீரில் காற்றைப் பிடிக்கத் துள்ளுகிறது என்ற விளக்கமும் உண்டு.

எங்கே, எந்த நேரத்தில் தேடினால் கிடைக்கும்?

படகுத்துறைகள், அலைதடுப்புச் சுவர்களின் உட்புறம், கழிமுகங்கள், பாசி படர்ந்த கற்கள் உள்ள அமைதியான மூலைகள் ஆகியவை மடவைக்குப் பிடித்தமான இடங்கள். கடல் ஏறும்போது, சற்றுமுன் வரை காய்ந்து கிடந்த சேற்றுப் பரப்பின் மேல், முதுகு வெளியே தெரியும் அளவு குறைந்த நீரிலேயே அவை மேயப் போகின்றன. வற்றும்போது அதே வழியில் திரும்புகின்றன. ஆகவே ஏற்றம் தொடங்கியதிலிருந்து நீர் நிறைந்து நிற்கும் வரையுள்ள நேரமே பெரும்பாலான இடங்களில் சிறந்தது. மனித நடமாட்டம் குறைந்த விடியற்காலையும் ஏற்றமும் ஒன்றாக வரும் நாளை விட்டுவிடாதீர்கள்.

சேற்றையும் பாசியையும் தின்கிற மீன் பிரெட்டை ஏன் தின்ன வேண்டும்?

இந்தப் பக்கத்தில் உள்ள கேள்விகளில் மிக முக்கியமானது இதுவே என்பேன். மடவை, நுண்பாசிகளையும் மக்கிய கழிவுகளையும் அடிமண்ணோடு சேர்த்து வாயில் வாங்கி, வடிகட்டி விழுங்கும் மீன். அதன் இரைப்பையின் பின்பகுதி, கோழியின் அரைவைப் பையைப்போலத் தடித்த தசையால் ஆனது. விழுங்கிய மணல் துகள்கள் உணவை அரைக்க உதவுகின்றன. குடலும் உடலைவிடப் பல மடங்கு நீளம். இப்படிப்பட்ட மீனுக்குப் புழுவோ இறாலோ கட்டாயத் தேவையன்று.

பிரெட் அதற்கு இயற்கை உணவும் அன்று. ஆயினும், மென்மையாக, துகளாக, மெல்ல மிதந்து இறங்கும் எதையும் அது சோதித்துப் பார்க்கும். படகுகளிலிருந்தும் கரையிலிருந்தும் உணவு மிச்சம் நீரில் விழும் இடங்களில் மடவைகள் பிரெட்டை ஏற்கெனவே அறிந்திருக்கும். அங்கே வேலை எளிது. அத்தகைய பழக்கம் இல்லாத இடத்தில், பிரெட் உணவுதான் என்பதை நீங்கள்தான் அவற்றுக்குக் கற்பிக்க வேண்டும். தூண்டில் போடுவது இரண்டாவது வேலை. பழக்குவதே முதல் வேலை. தொடர்ந்து சில நாள்கள், ஒரே இடத்தில், ஏற்றத்தின் ஒரே கட்டத்தில், தூண்டில் இல்லாமல் வெறும் பிரெட்டை மட்டும் தூவிவிட்டு வருவதைப் பலர் வீண் செலவாக நினைக்கிறார்கள். வெறுங்கையோடு திரும்பிய நாள்களில் பெரும்பாலானவற்றை நான் அந்தச் சோம்பலின் கணக்கில்தான் எழுதுவேன்.

என்ன கோல், எவ்வளவு தடிப்புள்ள நரம்பு, எந்த முள் வாங்குவது?

ஏறத்தாழ 3.3 முதல் 4 மீட்டர் நீளமும், நுனியில் நல்ல வளைவும் உள்ள மென்மையான கோல் போதும். பெரிய மீனுக்குரிய விறைப்பான கடல் கோல் இங்கே உதவாது. மெல்லிய நரம்பை, அதாவது தூண்டில் இழையை, அது அறுத்துவிடும், அல்லது மீனின் வாயிலிருந்து தூண்டில் முள்ளைப் பிய்த்துவிடும். நரம்பு 2 முதல் 3 கிலோ வரை தாங்குவதாக, 0.18 முதல் 0.22 மி.மீ. தடிப்புக்குள் இருக்கட்டும். நரம்பைச் சுற்றி வைக்கும் சிறிய ரீல் ஒன்றும், நீண்ட காம்புள்ள கைவலை ஒன்றும் கட்டாயம். கைவலை இல்லாமல் கிளம்புவதை விடக் கிளம்பாமலே இருக்கலாம்.

முள்ளில் எண் கூடக்கூட அளவு சிறியது என்பதை நினைவில் கொள்ளுங்கள். பிரெட் துண்டுக்கு 8 அல்லது 10 எண் முள், மீன் மிகவும் சந்தேகப்பட்டால் 12. மெல்லிய கம்பியால் ஆன, ஆனால் எளிதில் நிமிராத முள்ளாகப் பார்த்து வாங்குங்கள்.

தக்கையில் எத்தனையோ வகை இருக்கிறதே, எதைத் தேர்ந்தெடுப்பது? ஈயக்குண்டை எங்கே வைப்பது?

மீன் கடிப்பதைக் காட்ட நீரில் மிதக்கும் தக்கை தடித்து, கனத்திருந்தால், இழுக்கும்போது அதன் எதிர்ப்பை மீன் உணர்ந்துவிடும். மெலிந்து நீண்ட, 2 முதல் 4 கிராம் ஈயம் தாங்கும் தக்கை அமைதியான நீருக்குப் போதுமானது. ஈயத்தைக் கூட்டிக்கூட்டி, தக்கையின் வண்ண நுனி மட்டும் வெளியே தெரியும் வரை அமிழ்த்திவிட வேண்டும். விரல் உயரத்துக்குத் தக்கை வெளியே நிற்கும் தூண்டிலை நான் பார்க்கும்போதெல்லாம், அதைப் பிடித்திருப்பவர் தன் கண்ணுக்கு வசதி செய்துகொண்டு மீனுக்கு எச்சரிக்கை விடுக்கிறார் என்றே தோன்றும்.

ஈயத்தின் பெரும்பகுதியைத் தக்கையை ஒட்டியே பொருத்துங்கள். முள்ளிலிருந்து 30 அல்லது 40 செ.மீ. மேலே மிகச் சிறிய குண்டு ஒன்று இருக்கலாம்; இல்லாமலும் இருக்கலாம். நீங்கள் தூவிய துகள்கள் இறங்கும் அதே வேகத்தில் முள்ளில் உள்ள பிரெட்டும் இறங்க வேண்டும் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் நோக்கம்.

பிரெட் முள்ளில் நிற்கவே மாட்டேன் என்கிறதே, வீசும்போதே பறந்துவிடுகிறது.

காய்ந்த பிரெட்டைப் பயன்படுத்தினால் அப்படித்தான் ஆகும். அன்று வாங்கிய, ஈரப்பதம் போகாத வெள்ளைப் பிரெட்டின் நடுப்பகுதியிலிருந்து கட்டைவிரல் நகம் அளவு துண்டைக் கிள்ளி எடுங்கள். அதை முள்ளின் தண்டின்மேல் மடித்து, தண்டை ஒட்டிய பகுதியை மட்டும் இறுக்கி அழுத்துங்கள்; வளைவையும் கூர்முனையையும் சுற்றியுள்ள பகுதி பஞ்சுபோல இருக்கட்டும். நீர்பட்டதும் அந்தப் பஞ்சு உப்பி, முள்ளை மறைக்கும். முழுத் துண்டையும் உருட்டிக் கெட்டியாக்கினால் முள்ளின் முனை அதற்குள்ளேயே புதைந்து, கோலைச் சுண்டி இழுக்கும்போது மீனின் வாயில் ஏறாது.

கோலைச் சாட்டைபோலச் சொடுக்காமல், கீழிருந்து மெதுவாக வீச வேண்டும். மீதிப் பிரெட்டைப் பையில் மூடி நிழலில் வைத்திருங்கள். இவ்வளவு செய்தாலும் ஐந்து நிமிடங்களுக்குப் பிறகு முள்ளில் ஒன்றும் இருக்காது என்று வைத்துக்கொண்டு புதிதாகக் கோப்பதே நல்லது. வெறும் முள்ளுக்குக் காவல் இருப்பவர்களைத் துறைமுகச் சுவரில் நாள்தோறும் காணலாம்.

தூவுவதற்கான தீனியை எப்படிக் கரைப்பது? எவ்வளவு போடுவது?

முள்ளில் கோப்பதை இரை என்றும், நீரில் தூவுவதைத் தீனி என்றும் இங்கே பிரித்துச் சொல்கிறேன். தீனிக்குப் பழைய பிரெட்டே போதும். அதை ஒரு வாளியில் கடல்நீரில் ஊறவைத்து, கட்டியில்லாமல் கையால் பிசைந்து, நீரைப் பிழிந்துவிடுங்கள். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கவும், நீரில் விழுந்ததும் பிரிந்து வெண்மேகம்போலப் பரவவும் வேண்டும். நசுக்கிய மத்தி மீன் சிறிது சேர்த்தால் மணம் தூரம் போகும்; ஆனால் வேண்டாத சிறு மீன்களும் அதைத் தேடி வரும். நான் பெரும்பாலும் சேர்ப்பதில்லை.

அளவைப் பொறுத்தவரை, ஒருமுறை நிறையப் போட்டுவிட்டு உட்காருவதைவிட, எலுமிச்சை அளவு உருண்டையை இரண்டு மூன்று நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் போட்டுக்கொண்டே இருப்பது மேல். மேகம் மீனை அழைத்து வர வேண்டும். வயிற்றை நிரப்பக் கூடாது. நீரோட்டம் இருந்தால், மீன் வந்து நிற்க வேண்டிய இடத்துக்குச் சற்று முன்னே, நீரோட்டம் வரும் பக்கத்தில் போடுங்கள். தீனி போகும் பாதையும் தக்கை போகும் பாதையும் ஒன்றாக இல்லாவிட்டால் இரண்டும் வீண். முதல் அரைமணி நேரம் தூண்டிலையே நனைக்காமல் தீனி மட்டும் போடும் பொறுமை உங்களுக்கு இருந்தால், பழக்குவது பற்றி மேலே சொன்னதன் பாதிப் பலன் அன்றைக்கே கிடைத்துவிடும்.

எவ்வளவு ஆழத்தில் இரை நிற்க வேண்டும்?

முதலில் அடி ஆழத்தை அளந்துகொள்ளுங்கள். முள்ளில் கனமான ஈயத் துண்டைத் தற்காலிகமாகப் பொருத்தி இறக்கினால், தக்கை மூழ்கிப் போனால் தக்கைக்கும் முள்ளுக்கும் உள்ள இடைவெளி குறைவு, படுத்துவிட்டால் கூடுதல். நுனி மட்டும் சரியாக நீர்மட்டத்தில் நின்றால் அதுவே ஆழம். பிறகு அதில் பாதியில் தொடங்குங்கள். தீனி மேகத்தில் மேயும் மடவை பெரும்பாலும் மேலடுக்கில், ஒரு மீட்டருக்குள் உலவும். அதிகம் அஞ்சினால் கீழே இறங்கும். ஏற்றமும் வற்றமும் உள்ள இடத்தில் அடிமட்டம் நிலையாக இராது என்பதால், அடியை ஒட்டிப் போடுபவர்கள் கால்மணிக்கு ஒருமுறை தக்கையை நகர்த்தியாக வேண்டும். கோலின் நீளத்தைவிட ஆழம் கூடுதலாக இருந்தால் தக்கையை நரம்பில் வழுக்கி ஓடவிட்டு, தேவையான உயரத்தில் சிறு நூல் முடிச்சுப் போட்டு நிறுத்துங்கள்.

தக்கை ஆடுகிறது, நடுங்குகிறது, சுண்டினால் ஒன்றும் இல்லை. என்ன தவறு செய்கிறேன்?

பெரும்பாலும் அவசரம்தான். மடவை இரையைக் கவ்வி ஓடும் மீன் அன்று. உறிஞ்சிப் பார்க்கும், உமிழும், மீண்டும் உறிஞ்சும். தக்கையின் சிறு நடுக்கங்கள் இந்தச் சோதனையின் அடையாளங்கள். சில நேரங்களில் அதுகூட இல்லை: கூட்டமாகச் சுற்றும் மீன்களின் உடலும் துடுப்பும் நரம்பில் உரசினாலும் தக்கை ஆடும். அப்போது சுண்டினால், ஒன்று வெறும் முள் வரும், அல்லது ஏதாவது ஒரு மீனின் வயிற்றில் முள் ஏறி, கூட்டம் முழுவதும் கலைந்துவிடும்.

தக்கை ஒரே திசையில் உறுதியாக நகர்ந்து மூழ்கத் தொடங்கும்போது, அல்லது மேலெழும்பிப் படுத்து நகரும்போது, மணிக்கட்டை மட்டும் உயர்த்துங்கள். தோளிலிருந்து இழுக்கத் தேவையில்லை. நல்ல கடிகளையும் தவறவிடுகிறீர்கள் என்றால் மூன்றைச் சரிபாருங்கள்: பிரெட் துண்டு பெரிதாக இருக்கிறதா, முள்முனை புதைந்திருக்கிறதா, கோலுக்கும் தக்கைக்கும் இடையில் நரம்பு தொய்ந்து கிடக்கிறதா? என் அனுபவத்தில் மூன்றாவதே பெரும்பாலான குற்றவாளி.

கண்ணெதிரே நூறு மீன் சுற்றுகிறது, ஒன்றுகூடத் தொடவில்லையே?

நீங்கள் அவற்றைப் பார்க்கும்போது அவையும் உங்களைப் பார்க்கின்றன. சுவரின் விளிம்பிலிருந்து இரண்டடி பின்னே நில்லுங்கள், நிழல் நீரில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கற்களின்மேல் வாளியை ஓசையெழ வைக்காதீர்கள். நீரின் பளபளப்பை வெட்டும் கண்ணாடி அணிந்தால் மீன்களின் போக்கு தெளிவாகத் தெரியும்.

அந்தப் போக்கைப் படிப்பதுதான் அடுத்தது. ஒரே வேகத்தில் நேர்கோட்டில் செல்லும் கூட்டம் இடம் மாறிக்கொண்டிருக்கிறது. அதன் தலையில் இரையைப் போடுவதால் பயனில்லை. தலை கீழாகச் சாய்ந்து கற்களைச் சுரண்டும் மீன் பாசி மேய்கிறது. அதைப் பிரெட் பக்கம் திருப்ப நேரம் பிடிக்கும். தீனி மேகத்துக்குள் புகுந்து, திரும்பி, வாயைத் திறந்து மூடும் மீன் ஒன்றைக் கண்டால் மட்டுமே தூண்டிலைப் போடுங்கள். ஒரு மீன் தின்னத் தொடங்கிவிட்டால் மற்றவை போட்டிக்கு வரும். அந்தப் போட்டியில்தான் அவற்றின் சந்தேகம் குறைகிறது. அதற்குப் பிறகும் முள்ளில் உள்ள துண்டை மட்டும் ஒதுக்கினால், தீனியைத் தொடர்ந்தபடியே நரம்பை ஒரு படி மெல்லியதாக்கி, முள்ளையும் ஓர் எண் சிறிதாக்குங்கள்.

மேலே மிதக்கும் பிரெட்டை மட்டும் தின்கின்றன, இறங்குவதைத் தொடுவதே இல்லை. அப்போது?

பிரெட்டின் ஓரத்துத் தோல் பகுதி நெடுநேரம் மிதக்கும். அதன் சிறு துண்டை முள்ளில் கோத்து, முள்ளுக்கு மேலே ஒரு மீட்டருக்கு ஈயமே இல்லாமல் விடுங்கள். தக்கைக்குப் பதிலாக, உள்ளே நீர் நிரப்பக்கூடிய ஒளிபுகும் பிளாஸ்டிக் குமிழைப் பொருத்தினால், வீசுவதற்கு எடையும் கிடைக்கும், மீனின் கண்ணுக்கும் உறுத்தாது. மீன் கூட்டத்தின் நடுவில் வீசாமல், அதைத் தாண்டி வீசி, மெதுவாக இழுத்து வந்து நிறுத்துங்கள். இங்கே குமிழைப் பார்க்காமல் பிரெட்டையே பாருங்கள்: துண்டு மறைந்து நரம்பு நகர்ந்த பிறகே மணிக்கட்டு எழ வேண்டும். மேலே வாயைத் திறந்ததைப் பார்த்ததும் இழுத்துவிடுவது எவருக்கும் வரும் கை அரிப்பு. எனக்கும் இன்னும் முழுதாகப் போகவில்லை.

சிறு மீன்கள் பிரெட்டைக் கொத்தித் தீர்த்துவிடுகின்றன. அவற்றைத் தவிர்க்க முடியுமா?

முற்றிலும் முடியாது. காலடியில் ஒரு பிடி தீனியைப் போட்டு அவற்றை அங்கேயே நிறுத்திவிட்டு, தூரத்தில் வேறொரு வரிசையில் மடவைக்குத் தீனி போடலாம். பிரெட்டைச் சிறிது நீர் தெளித்துப் பிசைந்து மாவு உருண்டையாக்கிக் கோத்தால் அதிக நேரம் தாங்கும். ஆனால் அது பஞ்சுபோல் உப்பாது என்பதால் மடவைக்கும் கவர்ச்சி குறைவு.

காற்று அடித்தால் தக்கை இழுத்துக்கொண்டு போகிறது. வீட்டுக்குத் திரும்புவதுதான் வழியா?

தக்கையை அதன் அடி வளையத்தில் மட்டும் கோத்துக்கொள்ளுங்கள். குறித்த இடத்தைத் தாண்டி வீசி, கோலின் நுனியை நீருக்குள் அமிழ்த்தி, இரண்டு மூன்று சுற்று வேகமாகச் சுற்றினால் நரம்பு நீருக்கடியில் போய்விடும். காற்றுக்குப் பிடி கிடைக்காது. நீரோட்டமும் காற்றும் எதிரெதிராக இருக்கும் நாளில் தக்கையை அவ்வப்போது மெல்லத் தடுத்து நிறுத்தினால் இரை முன்னே செல்லும், தக்கை பின்னே வரும். அலை சுவரைத் தாண்டும் காற்றென்றால், ஆம், வீட்டுக்குத் திரும்புவதுதான் வழி.

மாட்டிய மீன் பாதி வழியில் கழன்றுவிடுகிறது. மடவையின் வாய் அவ்வளவு மென்மையா?

பாதி உண்மை. உதட்டின் நடுப்பகுதி உறுதியானதே; பக்கங்களில் உள்ள சவ்வுதான் மெல்லியது. முள் எங்கே ஏறியது என்பது உங்கள் கையில் இல்லை என்பதால், எப்போதும் மெல்லிய இடத்தில்தான் ஏறியிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு மீனைக் கையாளுங்கள். ரீலின் டிராக்கை, அதாவது மீன் இழுக்கும்போது நரம்பு வெளியே ஓடுவதற்குத் தரும் எதிர்ப்பை, நரம்பு தாங்கும் எடையில் நான்கில் ஒரு பங்குக்கு வைத்துவிடுங்கள். மடவையின் முதல் ஓட்டம் நீளமாக இருக்கும்; அதைத் தடுக்காமல், கோலின் வளைவு குறையாமல் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். களைத்துவிட்டது என்று நீங்கள் முடிவு செய்யும் நேரத்தில், கைவலையைக் கண்டதும் மறுபடி ஓடும். இழந்த மீன்களில் பெரும்பங்கு அந்தக் கடைசி இரண்டு மீட்டரில்தான் போகிறது.

கைவலையை முன்பே நீரில் அமிழ்த்தி அசையாமல் வைத்து, மீனை அதன்மேல் கொண்டு வாருங்கள். வலையை மீனை நோக்கி வீசாதீர்கள். நரம்பைப் பிடித்துச் சுவரின் மேல் தூக்கினால், மேலே சொன்ன அந்தச் சவ்வு அங்கேயே கிழியும்.

பிடித்ததைச் சாப்பிடலாமா? சேற்று நாற்றம் அடிக்கும் என்கிறார்களே?

மீனின் சுவை அது மேய்ந்த இடத்தைப் பொறுத்தது. சாக்கடை கலக்கும் இடத்திலும், எண்ணெய் மிதக்கும் படகுத்துறையிலும் பிடித்த மடவையை உண்ண வேண்டாம். அதன் உணவு முறையைப் படித்த பிறகு இதற்குக் காரணம் சொல்லத் தேவையிருக்காது. தெளிந்த நீரில் பிடித்ததென்றால், உடனே குருதியை வடித்து, குடலை நீக்கி, பனிக்கட்டியில் வையுங்கள். வயிற்றின் உட்புறத்தை ஒட்டியிருக்கும் கறுப்புச் சவ்வைச் சுரண்டி எடுத்துவிட்டால் கசப்பும் நாற்றமும் பெரிதும் குறையும். இம்மீனை அரைவேக்காட்டில் உண்பதால் மனிதக் குடலுக்குள் வரும் தட்டைப்புழுக்கள் உண்டு என்பதால், நன்றாக வேகவைத்தே உண்ண வேண்டும்.

உயிரோடு திருப்பி விடுவதாக இருந்தால் எப்படிக் கையாள்வது?

பிடிக்கும் முன்பே, முள்ளின் நுனிக்குக் கீழே உள்ள எதிர்க்கூரைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். நரம்பு தொய்யாமல் இருந்தால் அதனால் மீன் தப்புவதில்லை. கையை நனைத்துக்கொண்ட பிறகே மீனைத் தொடுங்கள், ஏனெனில் மடவையின் செதில்கள் எளிதில் உதிரும். வலையிலேயே வைத்து முள்ளை எடுத்து, நீரில் நிமிர்த்திப் பிடித்து, தானாக நீந்தும் வரை காத்திருங்கள். உயரமான சுவரிலிருந்து வீசுவது விடுவிப்பது ஆகாது. ஐரோப்பிய நீர்நிலைகளின் வடபகுதியில் வாழும் தடித்த உதட்டு மடவை முட்டையிடும் பருவத்தை எட்ட ஏறத்தாழ 10 ஆண்டுகள் ஆகின்றன. அத்தகைய மெதுவாக வளரும் வகைகள் உள்ள இடங்களில் பெரிய மீனைத் திருப்பி விடுவதே முறை என்பது என் கருத்து.

ஈயக்குண்டு பயன்படுத்தக் கூடாது என்று ஒருவர் தடுத்தார். அவர் சொன்னது சரியா?

நீங்கள் நின்ற இடத்தைப் பொறுத்துச் சரியாக இருக்கலாம். கரையில் சிதறும் சிறு குண்டுகளை நீர்ப்பறவைகள் கல்லென்று விழுங்கி நஞ்சேறி இறந்ததால், பிரித்தானியாவில் 1987 முதல் சிறு ஈயக்குண்டுகளுக்குத் தடை வந்தது. டங்ஸ்டன் முதலிய நச்சற்ற மாற்றுகள் கிடைக்கின்றன. தக்கை அமைப்பில் எதையும் மாற்ற வேண்டியதில்லை, எடையை மட்டும் மறுபடி சரிபார்த்தால் போதும். அறுந்த நரம்பையும் அங்கேயே விட்டுவிட்டு வராதீர்கள். பறவைகளின் காலில் சுற்றிக்கொள்ளும் என்பதால், அதைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு வந்து, சிறு துண்டுகளாக நறுக்கிக் குப்பையில் சேருங்கள்.